செப்புக்காசுல ராஜா பேர் எதுக்கு? – ஒரு கடிதம்

"ஐயா, ஆன்லைன்ல ஒரு பழைய செப்புக்காசு வாங்கினேன். ஒரு பக்கம் சிங்கம், முதுகுக்குப் பின்னாடி சூரியன். மறுபக்கம் அரபி எழுத்து, சராய் 737ன்னு வித்தவர் சொன்னார். ராஜா பேரே இல்ல. டூப்ளிகேட்டா? என்ன விலை போகும்? புளி போட்டுத் தேய்ச்சு பளபளன்னு ஆக்கிட்டேன், போட்டோ இணைச்சிருக்கேன்."

தம்பி, விலை எனக்குத் தெரியாது, தெரிஞ்சுக்கவும் ஆசையில்ல. போட்டோவ வச்சு அசலா போலியான்னும் சொல்ல முடியாது. ஆனா ராஜா பேர் இல்லன்னு வருத்தப்பட்டிருக்க பாரு, அதத்தான் ஒரு வாரமா நானும் யோசிச்சுக்கிட்டு இருந்தேன்.

சராய் வோல்கா ஆத்துப் பக்கம் இருந்த ஊரு, கோல்டன் ஹோர்டுங்கிற மங்கோலிய அரசோட தலைநகர். ஹிஜ்ரி 737ன்னா 1336-37, உஸ்பெக் கான்ங்கிற ராஜாவோட காலம். அவர் பேர் வெள்ளி திர்ஹம்ல இருக்கும். செப்புல, அத புல்னு சொல்வாங்க, பெரும்பாலும் ஊரும் வருஷமும்தான். சிலதுல "16 புல் ஒரு தாங்க்"னு, அதாவது எத்தனை செப்பு ஒரு வெள்ளிப் பணம்னு, கணக்கே அடிச்சிருக்காங்க. சந்தையில ரொட்டி வாங்குறவனுக்கு வேண்டியது அதுதானே? 1359க்கு அப்புறம் 20 வருஷத்துல 20 கான்களுக்கு மேல வந்து போனாங்க, ரொட்டி வாங்குறவன் யார் பேர ஞாபகம் வச்சுக்குவான்? இன்னிக்கும் உஸ்பெக் மொழியில பணத்துக்குப் பேரு புல்தான்.

புளி போட்டு ஏன்டா தேய்ச்ச? காசு மேல இருந்த அந்தப் பச்சை, அழுக்கு இல்ல, 700 வருஷம் மண்ணுக்குள்ள கிடந்து சேர்ந்த தோலு, எழுத்தோட விளிம்பு அதுலதான் நிக்கும். பத்து வயசுல எங்க தாத்தாவோட காசு ஒண்ண நானும் இப்படித்தான் தேய்ச்சேன், செம்புப் பானை மாதிரி மின்னுச்சு, தாத்தா திட்டல, வாங்கி விரலால தடவிப் பாத்துட்டு தகர டப்பாவுல போட்டு மூடிட்டார். அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

அதவிடப் பெரிய தப்பு ஒண்ணு, எங்க எடுத்ததுன்னு நீ கேக்கவேயில்ல. மெட்டல் டிடெக்டர் வச்சு ராத்திரியில தோண்டி எடுத்து விக்கிறாங்க, அதோட அந்தக் காசு ஊமையாயிடுது. ஒரு வீட்டுத் தரைக்கு அடியில வருஷம் போட்ட ஒரு புல் கிடைச்சா அந்தத் தரை அந்த வருஷத்துக்கு முன்னாடி போட்டதில்லன்னு சொல்லிடலாம். வருஷமே தேய்ஞ்சு போன காசுக்கு மண்ணத் தவிர வேற சாட்சி கிடையாது, அத எடுத்த இடத்துலேயே எழுதி வைக்கலன்னா அப்புறம் எந்தப் பண்டிதன் வந்தும் பிரயோஜனமில்ல.

கோவிச்சுக்காத. உன் வயசுல சிங்கத்தப் பாத்து சந்தோஷப்பட்டிருக்க, அது போதும் எனக்கு. இன்னிக்கே வித்தவர்கிட்ட எந்த ஊர்ல கிடைச்சதுன்னு கேளு, பதில் வந்தா ஒரு துண்டுச் சீட்டுல எழுதி காசோட சேத்து வை. புளிய மட்டும் இனிமே தொடாத.