அக்ரிகானை எந்த வகையில் சேர்ப்பது?

கேள்வி: ஒரு பாடநூல் புரோட்டியோகிளைக்கான்களைச் சர்க்கரைச் சங்கிலியை வைத்துப் பிரிக்கிறது, இன்னொன்று அவை இருக்கும் இடத்தை வைத்துப் பிரிக்கிறது. எதைப் பின்பற்றுவது? காண்ட்ராய்டின் மாத்திரை தேய்ந்த குருத்தெலும்பை வளர்க்குமா? – உயிர்வேதியியல் மாணவி

பதில்: புரோட்டியோகிளைக்கான் என்பது ஒரு மையப் புரதமும் அதில் ஒட்டிய நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளும் சேர்ந்த மூலக்கூறு. இவற்றை இடத்தையும் மையப் புரதத்தையும் வைத்தே படியுங்கள். சங்கிலியை மட்டும் பார்த்தால் குருத்தெலும்பில் உள்ள அக்ரிகானிலேயே சிக்கிக்கொள்வீர்கள். அதன் ஒரே புரதத்தில் சுமார் 100 காண்ட்ராய்டின் சல்பேட் சங்கிலிகளும், கூடவே கெரட்டான் சல்பேட் சங்கிலிகளும் இருக்கின்றன. சிண்டெக்கான்-1 ஹெப்பரான் சல்பேட்டையும் காண்ட்ராய்டின் சல்பேட்டையும் சேர்த்தே சுமக்கும்.

செல்லுக்குள் இருப்பது செர்கிளைசின். ஒவ்வாமையில் பங்குபெறும் மாஸ்ட் செல்களின் துகள்களில் ஹெப்பாரின் சங்கிலிகள் இதில்தான் கோக்கப்பட்டிருக்கும். செல் மேற்பரப்பில் சிண்டெக்கான்கள் 4 வகை, கிளிப்பிக்கான்கள் 6 வகை. வளர்ச்சிக் காரணிகளைப் பிடித்து ஏற்பிகளிடம் சேர்ப்பது இவற்றின் முக்கிய வேலை. செல் அடுக்குக்கு அடியிலுள்ள அடித்தளச் சவ்வில் பெர்லெக்கான், அக்ரின். செல்லுக்கு வெளியே பெரியவை அக்ரிகான், வெர்சிகான். சிறியவை டெக்கோரின், லூமிகான். லூமிகான் மரபணு நீக்கப்பட்ட எலிகளில், கண்ணின் முன்புற ஒளிபுகு படலமான கார்னியா மங்கிவிடுகிறது. கொலாஜன் இழைகள் தடித்து, அடுக்கு குலைந்து, ஒளி சிதறுவதே காரணம்.

ஹயலுரோனான் என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலியை இந்தப் பட்டியலில் எழுதிவிடாதீர்கள். தேர்வில் பலர் சறுக்கும் இடம் இது. அதற்கு மையப் புரதமும் கிடையாது, சல்பேட்டும் கிடையாது. ஆனால் குருத்தெலும்பில் அக்ரிகான் தன் ஒரு முனையால், இணைப்புப் புரதத்தின் துணையோடு, அதைத்தான் பற்றிக்கொண்டிருக்கிறது.

அக்ரிகான் சங்கிலிகளின் எதிர்மின்னூட்டம் சோடியம் அயனிகளை இழுக்கும். பின்னாலேயே நீர் வரும். கொலாஜன் வலை வீக்கத்தைக் கட்டுப்படுத்தும். காலை ஊன்றும்போது நீர் மெல்லக் கசியும், எடுத்ததும் திரும்பும். மூட்டுத் தேய்வில் அக்ரிகனேஸ் நொதிகள் மையப் புரதத்தை வெட்டுகின்றன. சங்கிலி தாங்கிய துண்டு மூட்டுத் திரவத்தில் போய்விடுகிறது, நீரைப் பிடிக்க ஆளில்லை.

இனி மாத்திரை. குருத்தெலும்புச் செல், மையப் புரதத்தின் செரின் என்ற அமினோ அமிலத்தில் முதலில் சைலோஸ், பிறகு இரண்டு கேலக்டோஸ், அடுத்து குளுக்கூரோனிக் அமிலம் என்று தொடங்கி, ஒவ்வொரு சர்க்கரையாகச் சேர்த்துச் சங்கிலியைக் கட்டுகிறது. விழுங்கிய சங்கிலியை அப்படியே எடுத்து ஒட்டும் வழி செல்லுக்கு இல்லை. அமெரிக்காவில் 1,583 பேரிடம் 24 வாரம் நடந்து 2006-ல் வெளியான ஆய்வில், தினம் 1,200 மி.கி. காண்ட்ராய்டின் முழங்கால் வலியைப் போலி மாத்திரையைவிடக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை. வீட்டில் யாராவது ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்து சாப்பிட்டால், மருத்துவரைக் கேட்காமல் இந்த மாத்திரையைக் கொடுக்காதீர்கள். ரத்தம் உறையும் நேரம் கூடியதாகப் பதிவுகள் உண்டு.