செக்கு எண்ணெய்: கலக்காமல் கட்டுபடியாகுமா?

கேள்வி: மரச்செக்குக் கடை வைத்திருக்கிறேன். கடலை எண்ணெயை லிட்டர் 320 ரூபாய்க்குக் கீழே என்னால் தர முடியவில்லை. பக்கத்துத் தெருவில் 'மரச்செக்கு' என்றே போர்டு மாட்டி 220க்கு விற்கிறார்கள். நிலக்கடலைப் பருப்பு போடும் வியாபாரியோ, "கொஞ்சம் பாமாயில் சேருங்க, யாருக்குத் தெரியப்போகுது?" என்கிறார். நேர்மையாக இருந்தால் கடையை மூட வேண்டியதுதானா? (வாசகி, காங்கேயம்)

பதில்: மூட வேண்டாம். உங்கள் கணக்கை வாடிக்கையாளர் கண்ணில் படும்படி எழுதி வையுங்கள். நல்ல பருப்பு 10 கிலோ ஆட்டினால் 4 முதல் 4.4 லிட்டர் வரை கிடைக்கும், சராசரியாக 4.2 என்று வைப்போம். பருப்பு கிலோ 120 ரூபாய் என்றால் 1,200. புண்ணாக்கு 5.7 கிலோ தேறும். கிலோ 40 வீதம் 228 ரூபாய் திரும்பி வரும். மீதி 972ஐ 4.2ஆல் வகுத்தால், ஒரு லிட்டரில் பருப்புக்கு மட்டுமே 231 ரூபாய். கரண்ட், ஆள் கூலி, பாட்டில், வாடகை எதுவும் இன்னும் சேரவில்லை. அதே விலைக்குப் பருப்பு வாங்குகிறவர் 220க்கு விற்றால், பாட்டிலில் இருப்பது முழுக்கக் கடலை எண்ணெயாக இருக்க வழியில்லை. அன்றைய பருப்பு விலையோடு இதைக் கரும்பலகையில் தினமும் எழுதுங்கள். பக்கத்துக் கடையின் பெயரை இழுக்கவே வேண்டாம்.

பிரிட்ஜில் வைத்து உறைகிறதா என்று பார்க்கும் சோதனையைக் காட்டி வியாபாரம் செய்யாதீர்கள். சுத்தமான கடலை எண்ணெயும் அந்தக் குளிரில் கெட்டிப்படும். உங்கள் எண்ணெய் மேலேயே சந்தேகம் வரும். கலப்படத்தைக் கொழுப்பு அமிலப் பரிசோதனையில் ஆய்வகம் கண்டுபிடித்துவிடும். ஆகவே 'யாருக்கும் தெரியாது' என்பதும் சரியில்லை. தரம் குறைந்த உணவுப் பொருளுக்கு 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

உழைப்பைக் கொட்ட வேண்டிய இடம் பருப்பு பொறுக்குவதுதான். பூஞ்சை பிடித்தது, சுருங்கியது, நிறம் மாறியது எல்லாவற்றையும் கையால் எடுத்துவிடுங்கள். பூஞ்சையிலிருந்து வரும் அஃப்ளாடாக்சின் நச்சு, சுத்திகரிக்காத செக்கு எண்ணெயில் ஓரளவு தங்கிவிடும். இந்த ஒரு வேலையில் சோம்பினால், பாமாயில் கலக்காத எண்ணெயும் கெட்ட எண்ணெய்தான். ஈரப் பருப்பும் ஆகாது. எண்ணெய் கலங்கலாக வந்து சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். ஆட்டிய எண்ணெயை 3 முதல் 5 நாள் தெளியவிட்டு, கசடு நீக்கி, ஈரமில்லாத பாட்டிலில் அடையுங்கள்.

சந்தேகப்படுகிறவர்களைச் சொந்தப் பருப்பு கொண்டுவரச் சொல்லிக் கூலிக்கு ஆட்டிக் கொடுங்கள். பருப்பு, எண்ணெய், புண்ணாக்கு மூன்றையும் அவர்கள் முன்னாலேயே எடை போடுங்கள். செக்குப் புண்ணாக்கில் எக்ஸ்பெல்லர் (இரும்பு இயந்திரத்தில் அழுத்திப் பிழிவது) புண்ணாக்கைவிட எண்ணெய்ச் சத்து அதிகம். அதைச் சொல்லி மாடு வளர்ப்பவர்களிடம் நல்ல விலை கேட்கலாம். லேபிளில் 'கொலஸ்ட்ராலை எதிர்க்கும்', 'இதயத்துக்கு இதமானது' போன்ற வாசகங்கள் வேண்டாம், சமையல் எண்ணெய்க்கு அவை தடை செய்யப்பட்டவை. எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிட்டத்தட்ட இல்லை என்பது வேறு விஷயம்.

கேள்வி: ஒரு லிட்டர் பாட்டிலைத் தராசில் வைத்தால் ஒரு கிலோ காட்டவில்லை என்று சண்டைக்கு வருகிறார்களே? (வாசகர், வெள்ளக்கோவில்)

பதில்: கடலை எண்ணெய் தண்ணீரைவிட லேசானது. நம் ஊர் வெயிலில் ஒரு லிட்டர் ஏறக்குறைய 910 கிராம்தான் இருக்கும். காலி பாட்டிலை வைத்து எடையைப் பூஜ்யமாக்கிவிட்டு நிரப்பிக் காட்டினால் சண்டை அடங்கும். '1 கிலோ' என்று எழுதிவிட்டு ஒரு லிட்டர் ஊற்றினால் மட்டும் வாடிக்கையாளர் சொல்வதுதான் நியாயம். 90 கிராம் குறைகிறது. லேபிளில் லிட்டரையும் கிராமையும் சேர்த்தே அச்சடியுங்கள். மின்னணுத் தராசுக்கு வருடத்துக்கு ஒருமுறை முத்திரை போட வேண்டும். அந்தச் சான்றிதழ் கல்லாவுக்குப் பின்னால் கண்ணில் படுகிற இடத்தில் தொங்கட்டும்.