கைக்குழந்தையோடு வீடு மாறும்போது எதை வாங்குவது, எதைத் தள்ளிப்போடுவது?

குழந்தை பிறந்த சில மாதங்களிலேயே வீடோ ஊரோ மாறுகிறவர்களிடமிருந்து தொடர்ந்து கேள்விகள் வருகின்றன. இரண்டில் ஒன்று வந்தாலே ஆள் அசந்துபோவார். இரண்டும் சேர்ந்தால் கையிருப்பும் சேர்ந்து கரையும். அதனால் இந்த முறை அந்தக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: குழந்தைக்கு ஆறு வாரம் ஆகிறது. இன்னும் இரண்டு மாதத்தில் கணவரின் வேலைக்காக வேறு ஊருக்குப் போகிறோம். ஆஃபர் இருக்கும்போதே தொட்டில், ஸ்ட்ரோலர், ஹை சேர், டயப்பர் எல்லாவற்றையும் வாங்கிப் போட்டுவிடு என்கிறார் அம்மா. போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் கணவர். யார் சொல்வது சரி?

பதில்: அம்மாவிடம் காட்டிவிடாதீர்கள். முக்கால்வாசி உங்கள் கணவர் சொல்வதுதான் சரி.

ஆஃபரில் வாங்கும்போது விலையைப் பார்க்கிறோம், திருப்பிக் கொடுக்கும் கெடு எப்போது தொடங்குகிறது என்று பார்ப்பதில்லை. பெரும்பாலும் பில் போட்ட நாளிலிருந்தோ பொருள் கைக்கு வந்த நாளிலிருந்தோ அது ஓட ஆரம்பித்துவிடும். நீங்கள் இன்று வாங்கும் ஹை சேர் இரண்டு மாதம் அட்டைப் பெட்டியோடு நிற்கும், லாரியில் ஏறும், புது வீட்டிலும் ஒரு மூலையில் கிடக்கும். குழந்தை ஆதரவோடு உட்கார்ந்து, பாலைத் தாண்டிச் சாப்பிடத் தயாராவது ஆறு மாதம் வாக்கில்தான். அன்றைக்குப் பெட்டியைப் பிரித்து மாட்டும்போது ஒரு காலில் திருகு போகும் துளையே இல்லை என்று தெரியும். கெடு எப்போதோ முடிந்திருக்கும். வரும்போதே இப்படியா, லாரியில் இப்படி ஆனதா என்ற வாக்குவாதம் வேறு. பிரித்துப் பார்க்காத பொருளுக்கு ஆஃபர் விலை மலிவே இல்லை.

டயப்பரும் அப்படித்தான். பிறந்த எடையைப் போல இரண்டு மடங்கு எடையைப் பல குழந்தைகள் நான்கு, ஐந்து மாதத்திலேயே எட்டிவிடும். அதனால் இன்று பொருந்தும் சைஸை மொத்தமாக வாங்கினால் பாதி மிஞ்சும். பாக்கெட்டில் உள்ள எடை வரம்பைப் பாருங்கள், வயதை மறந்துவிடுங்கள். தொடையில் சிவப்புக் கோடு விழுகிறதா, இரவில் முதுகுப் பக்கம் கசிகிறதா, அடுத்த சைஸுக்குப் போங்கள். இந்த சைஸில் கைக்கு ஒரு பாக்கெட், அடுத்ததில் ஒன்று. அதற்கு மேல் எதையும் லாரியில் ஏற்ற வேண்டாம்.

ஸ்ட்ரோலரைப் புது வீட்டைப் பார்த்த பிறகுதான் தேர்ந்தெடுக்க முடியும். படி ஏற வேண்டிய வீடென்றால் அதன் எடை முக்கியம். லிஃப்ட் இருந்தால் அகலம் முக்கியம். கார் வைத்திருந்தால் மடித்தபின் டிக்கியில் அடங்குகிறதா என்பது முக்கியம். கடையில் தள்ளிப் பார்க்கும்போது எல்லா ஸ்ட்ரோலரும் நன்றாகத்தான் ஓடும். ஒரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டு மறு கையால் மடிக்க வருகிறதா என்று பாருங்கள்.

அம்மா சொல்வதில் கால்வாசி சரி என்றேனே, அது தூங்கும் இடம். புது வீட்டில் முதல் ராத்திரியே குழந்தைக்குப் படுக்க இடம் வேண்டும். டெலிவரி வரட்டும் என்று காத்திருக்க முடியாது. ஆனால் அதற்குப் பெரிய தொட்டிலை இப்போது வாங்க வேண்டியதில்லை. அறைக்குள் வைத்து மாட்டிய தொட்டில் பல வீடுகளில் கதவு வழியே வெளியே வராது. கழற்றி மறுபடி மாட்டினாலோ அழுத்திய மரத்தூள் பலகையில் திருகு பிடிப்பு விட்டுப்போகும். மடக்கி எடுத்துப் போகும் பயணத் தொட்டில் ஒன்று இரண்டு வீட்டுக்கும் உதவும். அதனுடன் வரும் மெல்லிய மெத்தை கெட்டியாக இருக்கிறதே என்று மேலே இன்னொன்றைப் போடாதீர்கள். கெட்டியாக இருப்பதுதான் வேண்டும். தலையணை, ஓரத்தில் கட்டும் மெத்தைத் திரை, பொம்மை எதுவும் உள்ளே வேண்டாம். குழந்தை மல்லாந்து படுக்கட்டும். கடையில் அழகான செட்டாகக் கட்டி விற்கும் அந்த ஓரத் திரையை அமெரிக்கா 2022-இல் சட்டம் போட்டே தடை செய்தது.

கேள்வி: தோழி தன் குழந்தை வளர்ந்துவிட்டதால் கார் சீட்டையும் மரத் தொட்டிலையும் இலவசமாகத் தருகிறேன் என்கிறார். மறுக்கவும் சங்கடம், வாங்கவும் தயக்கம். பழைய பொருளை நம்பலாமா?

பதில்: துணி, பொம்மை, குளியல் தொட்டி என்றால் யோசிக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். கார் சீட்டையும் தொட்டிலையும் மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும்.

கார் சீட்டில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அது இருந்த கார் எங்காவது மோதியதா என்பது. மோதலின் விசையைத் தாங்கிய சீட்டில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். அடுத்த முறை அது தாங்காது. தோழியிடம் நேராகக் கேட்கலாம், அவர் உண்மையைச் சொல்வார். முன்பின் தெரியாதவரிடம் வாங்கும் சீட்டில் இந்த ஒரு பதிலே கிடைக்காது. அதனால்தான் அப்படி வாங்க வேண்டாம் என்று சொல்கிறேன். அப்புறம் சீட்டைக் கவிழ்த்துப் பாருங்கள்: அடியிலோ பின்புறமோ ஒட்டியிருக்கும் லேபிளில் தயாரித்த தேதி, மாடல் எண் இருக்கும். பல சீட்டுகளில் எந்த வருடம் வரை பயன்படுத்தலாம் என்பதும் இருக்கும். வெயிலிலும் குளிரிலும் கிடந்து பிளாஸ்டிக் நொய்ந்துபோவது அந்தக் கெடுவுக்கு ஒரு காரணம். லேபிள் கிழிந்திருந்தால் வேண்டாம். வார், கொக்கி, உள்ளே வைக்கும் மெத்தை எல்லாம் அந்த சீட்டுக்கே உரியவைதானா என்று கேளுங்கள்.

வேறு நாட்டுக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஐரோப்பாவில் ஆர்129 விதி, அமெரிக்காவில் வேறு தரம், ஆஸ்திரேலியாவில் இன்னொன்று. ஒன்றில் பாஸான சீட் மற்றதில் செல்லாமல் போகலாம். அதனால் சீட்டைச் சுமந்து போவதற்கு முன் அந்த நாட்டு விதியைப் பாருங்கள். எந்த நாடாக இருந்தாலும் மாறாதது ஒன்று உண்டு: கைக்குழந்தையின் சீட் பின்பக்கம் பார்த்தபடி இருக்க வேண்டும், இயங்கும் ஏர்பேக் உள்ள முன் இருக்கையில் அதை ஒருபோதும் வைக்கக் கூடாது.

தொட்டிலுக்கு அளவு நாடா எடுத்துக்கொண்டு போங்கள். கம்பிகளுக்கு இடைவெளி 6 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் குழந்தையின் உடல் நழுவித் தலை மாட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு. மெத்தைக்கும் பலகைக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் அந்த மெத்தை அந்தத் தொட்டிலுக்குரியது அல்ல. ஒரு பக்கம் மேலும் கீழும் இறங்கும் வகையா? அப்படியென்றால் நன்றி சொல்லி விட்டுவிடுங்கள். கொக்கி தளர்ந்து பக்கப் பலகை விலகி, குழந்தைகள் சிக்கி இறந்த பிறகு 2011-இல் அந்த வகைத் தொட்டிலின் விற்பனையையே அமெரிக்காவில் நிறுத்தினார்கள். திருகு ஒன்று தொலைந்துபோய் வேறு திருகு போட்டிருந்தாலும் வேண்டாம். தாத்தா காலத்துத் தொட்டில் என்று பெருமையாகத் தருவார்கள், அதன் பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். பல் முளைக்கும் குழந்தை முதலில் கடிப்பது மேல் சட்டத்தைத்தான். நினைவுக்கு வைத்துக்கொள்ளலாம், படுக்க வைக்க வேண்டாம்.

கேள்வி: வெளிநாடு போகிறோம். பாட்டில் ஸ்டெரிலைசரும் பால் எடுக்கும் எலக்ட்ரிக் பம்பும் புதிதாக வாங்கினோம். பிளக் மாற்றும் அடாப்டர் ஒன்று வாங்கினால் போதும்தானே?

பதில்: பம்புக்குப் போதலாம், ஸ்டெரிலைசருக்குப் பெரும்பாலும் போதாது. பம்பின் சார்ஜரில் பொடி எழுத்தில் ‘இன்புட் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்’ என்று இருந்தால் எங்கும் ஓடும்; பிளக் மட்டும் மாறினால் சரி. ஸ்டெரிலைசர், பால் சூடாக்கும் கருவி போன்ற வெப்பச் சாதனங்கள் பெரும்பாலும் ஒரே மின்னழுத்தத்துக்குச் செய்தவை. 120 வோல்ட்டுக்கானதை 230-இல் செருகினால் கிட்டத்தட்ட நான்கு மடங்கு மின்திறன் பாயும், கருகிவிடும். தலைகீழாகச் செருகினால் கால்வாசி சூடுதான் வரும். தண்ணீர் கொதிப்பதற்குள் குழந்தை ஊரைக் கூட்டிவிடும். மின்னழுத்தம் மாற்றும் கருவி வாங்கலாம் என்பார்கள். இந்த அளவு மின்திறனுக்கு அது பெரிதாகவும் கனமாகவும் இருக்கும். அந்தப் பணத்துக்கு அங்கேயே புதிது வாங்கிவிடலாம்.

வாரன்ட்டியும் பல பொருட்களுக்கு வாங்கிய நாட்டில்தான் செல்லும். ஸ்டெரிலைசரைத் திருப்பிக் கொடுக்க முடிந்தால் இப்போதே கொடுத்துவிடுங்கள். பாட்டிலும் நிப்பிளும் கொதிக்கும் நீரில் மூழ்கிப் பத்து நிமிடம் கிடந்தால் கிருமி நீங்கிவிடும். ஒரு பாத்திரம் எந்த நாட்டு அடுப்பிலும் வேலை செய்யும்.

கேள்வி: ஃப்ரீசரில் தாய்ப்பால் சேர்த்து வைத்திருக்கிறேன். வீடு மாறும்போது வீணாகாமல் கொண்டுபோக முடியுமா? கூடவே பால் பவுடரும் கொடுக்கிறோம். ஆறு மாதம் ஆனதும் ‘அடுத்த நிலை’ டின்னுக்கு மாற வேண்டும் என்று கடையில் சொன்னார்கள்.

பதில்: முடியும். நல்ல ஐஸ் பெட்டியில், ஐஸ் பேக்குகளுக்கு நடுவே நெருக்கமாக அடுக்கினால் 24 மணி நேரம் வரை கணக்கு வைக்கலாம். பெட்டியில் காலி இடம் இருக்கக் கூடாது, வழியில் திறந்து திறந்து பார்க்கவும் கூடாது. இறங்கியதும் பாருங்கள்: இன்னும் பனிக்கட்டித் துகள் தெரிகிற பாலைத் திரும்ப ஃப்ரீசரில் வைக்கலாம். முழுதாக உருகியதை ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும், மறுபடி உறைய வைக்கக் கூடாது. புது வீட்டு ஃப்ரீசர் ஓடுகிறதா என்பதை முதல் நாளே யாரையாவது விட்டுப் பார்த்துவிடுங்கள். லாரியில் வந்த ஃப்ரிட்ஜ் படுத்தபடி வந்திருந்தால் உடனே ஆன் செய்ய முடியாது, சில மணி நேரம் நிமிர்த்தி வைத்திருக்க வேண்டும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

பவுடர் பாலைக் கலந்து எடுத்துப் போகாதீர்கள். கொதிக்க வைத்த நீர் ஃபிளாஸ்கில், அளந்த பவுடர் தனி டப்பாவில். பவுடரில் கிருமி இருக்கலாம் என்பதால் 70 டிகிரிக்குக் குறையாத நீரில் கலந்து, ஆற வைத்துக் கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அடுத்த நிலை டின்னைப் பற்றியும் அதே நிறுவனம் 2013-இல் சொல்லிவிட்டது, அது தேவையில்லை என்று. முதல் நிலைப் பவுடரே ஒரு வயது வரை போதும். டாக்டர் காரணம் சொல்லி மாற்றச் சொன்னால் மாற்றுங்கள். கடைக்காரர் சொன்னதற்காக வேண்டாம். போகும் இடத்தில் இதே பிராண்ட் கிடைக்குமா என்று மட்டும் விசாரித்து, இரண்டு மூன்று திறக்காத டின்களைக் கையோடு எடுத்துப் போங்கள்.

கேள்வி: புது வீட்டுக்குப் பரிசாக மாமியார் வாக்கர் வாங்கி வந்திருக்கிறார்.

பதில்: பிரிக்காமல் திருப்பிக் கொடுத்து வேறு ஏதாவது வாங்கச் சொல்லுங்கள். சக்கர வாக்கரில் குழந்தை நடக்கப் பழகுவதில்லை, சீக்கிரம் போய்ச் சேரத்தான் பழகுகிறது: படிக்கட்டுக்கு, அடுப்புக்கு. கனடாவில் 2004 முதல் இதை விற்கவே கூடாது, பழையதைக்கூட.

கேள்வி: வீடு மாற்றித் தரும் நிறுவனம் போனிலேயே ஒரு தொகை சொன்னது. ஏற்றும் நாளில் ‘சாமான் அதிகம்’ என்று கூடக் கேட்டார்கள். குழந்தை அழுகிறது, வண்டி நிற்கிறது, கொடுத்துவிட்டோம். இறக்கியபோது டிரஸ்ஸிங் டேபிள் கண்ணாடி உடைந்திருந்தது. இனி என்ன செய்யலாம்?

பதில்: அழும் குழந்தையும் நிற்கும் வண்டியும் அவர்களுக்கு எவ்வளவு வசதி என்று அவர்களுக்குத் தெரியும். நேரிலோ வீடியோவிலோ சாமானைப் பார்க்காமல் சொல்லும் தொகையில் இந்த இடம் எப்போதும் இருக்கும். இது இறுதித் தொகையா, மாறக்கூடிய மதிப்பீடா என்று எழுத்தில் கேட்டிருக்க வேண்டும். உங்களுக்கு இப்போது உதவாது, இதைப் படிக்கும் அடுத்தவருக்கு உதவும்.

உங்களிடம் இருப்பது என்ன என்று பார்ப்போம். முதலில் சொன்ன தொகை மெசேஜாக இருக்கிறதா? கூடக் கொடுத்ததற்கு ரசீது இருக்கிறதா? ஏற்றும்போது போட்ட சாமான் பட்டியலில் அந்த டேபிள் எந்த நிலையில் பதிவாகியிருக்கிறது? ‘நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்ற தாளில் கையெழுத்துப் போட்டீர்களா? போட்டிருந்தாலும் விட்டுவிட வேண்டாம், ஆனால் வாதம் கொஞ்சம் கடினமாகும். உடைந்ததை அட்டைப் பெட்டியோடு சேர்த்துப் படம் எடுங்கள். பெட்டி நசுங்கியிருந்தால் அதுவே பாதிச் சாட்சி. பெட்டியை எறிந்துவிடாதீர்கள். ஒப்பந்தத்தில் எத்தனை நாளுக்குள் புகார் தர வேண்டும் என்று இருக்கும்; அதற்குள் எழுத்தில் அனுப்புங்கள். போனில் பேசியது கணக்கில் வராது. இன்சூரன்ஸ் எடுத்திருந்தால் அவர்களுக்கும் தனியாக எழுதுங்கள். யார் பேக் செய்தது என்று கேட்பார்கள். நாமே கட்டிய பெட்டிக்குள் உடைந்ததைப் பல பாலிசிகள் ஏற்பதில்லை. டேபிளை அவர்கள் ஆள் சுற்றியிருந்தால் அதையும் எழுதுங்கள்.

கூடுதலாக வாங்கிய தொகையையும் உடைந்த கண்ணாடியையும் ஒரே கடிதத்தில் கலக்காமல் இரண்டு புகாராகக் கொடுங்கள். ஒன்றில் சமாதானம் பேசி மற்றதை அமுக்குவது அவர்களுக்குப் பழகிய வேலை.