அடுக்களைக் கேள்விகள்: புகை என்பது எரியாமல் போன விறகு

விறகு அடுப்பைப் பற்றிக் கேளுங்கள் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். மேற்கே களியக்காவிளையிலிருந்து கிழக்கே ஆரல்வாய்மொழி வரை கடிதங்கள் வந்திருக்கின்றன. எழுதியவர்களில் பெரும்பாலானோர் வீட்டில் கேஸ் இருக்கிறது. ஆனாலும் குளிக்க வெந்நீர் போடுவதும், சம்பா அரிசி வடிப்பதும், மரச்சீனிக் கிழங்கு அவிப்பதும் விறகில்தான். தோட்டத்தில் விழுகிற மட்டையையும் தேங்காய்க் கதம்பையையும் வேறு என்ன செய்வது?

புதிதாக வாசிக்கிறவர்களுக்காக: நான் குமரி மாவட்டம் திருவட்டார் பக்கத்துக்காரி. 1988-இல் புகையில்லா அடுப்பு கட்டப் பழகினேன். 1983-இல் தொடங்கிய மத்திய அரசின் மேம்படுத்தப்பட்ட அடுப்புத் திட்டம் அப்போது ஊர் ஊராக வந்துகொண்டிருந்தது. எல்லைக்கு அப்பால் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற அறிவியல் இயக்கம் உருவாக்கிய பரிஷத் அடுப்பையும் இங்கே பல வீடுகளில் கட்டினார்கள். இரண்டையும் கட்டியிருக்கிறேன். கட்டியதை இடித்துப் போட்டதையும் பார்த்திருக்கிறேன். ஏன் இடித்தார்கள் என்பதைக் கீழே ஒரு பதிலில் சொல்கிறேன்.

*

கேள்வி: அக்கா, சித்திரையில் ஒரு லோடு ரப்பர் விறகு இறக்கினோம். வீட்டுக்குப் பின்னால் சுவரோடு சேர்த்து அடுக்கி, தார்ப்பாய் போட்டு நன்றாக மூடித்தான் வைத்திருக்கிறோம். ஆனியில் எரித்தால் விறகின் நுனியில் நுரை தள்ளுகிறது, புகை கண்ணைக் கரிக்கிறது. சிலதில் வெள்ளையாகப் பூசணமும் இருக்கிறது. விறகுக்காரர் ஏமாற்றிவிட்டாரா? (வாசகி, கருங்கல்)

பதில்: விறகுக்காரரைக் குறை சொல்ல வேண்டாம். தார்ப்பாய்தான் காரணம். விறகிலிருந்து கிளம்பிய ஈரம் வெளியே போக வழியில்லாமல் தார்ப்பாயின் உள்பக்கம் வேர்த்து, திரும்ப விறகின் மேலேயே சொட்டியிருக்கும். காலையில் தூக்கிப் பாருங்கள், தெரியும். ரப்பர் தடியில் மாவுச்சத்து அதிகம். அதனால்தான் ஈரம் நின்றால் மற்ற மரங்களைவிடச் சீக்கிரம் பூசணம் பிடிக்கிறது, வண்டும் துளைக்கிறது.

வெட்டிய சூட்டோடு 10 கிலோ ரப்பர் விறகு வாங்கினால் அதில் கிட்டத்தட்ட 4 கிலோ தண்ணீர். அடுப்புக்குள் போனதும் தீ முதலில் இந்தத் தண்ணீரைத்தான் வற்ற வைக்கும். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் சூட்டைப்போல் ஏழு மடங்கு வேண்டும், அதே தண்ணீரை முழுக்க ஆவியாக்க. அந்தச் சூடெல்லாம் உங்கள் பானைக்குச் சேர வேண்டியது. தீயும் குளிர்ந்துபோகும். குளிர்ந்த தீயில் விறகிலிருந்து கிளம்பும் ஆவி எரியாமல் அப்படியே வெளியேறும். அதைத்தான் நாம் புகை என்கிறோம். புகை என்பது நீங்கள் காசு கொடுத்து வாங்கி, எரியாமல் போன விறகு. என்னிடம் அடுப்பு கட்டச் சொன்ன எல்லாரிடமும் முதலில் இதைத்தான் சொன்னேன். அடுப்பை மாற்றுவதற்கு முன்னால் விறகை மாற்றுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: தார்ப்பாயை எடுங்கள். மணிக்கட்டு அளவுக்கு மேல் பருமனாக இருப்பதையெல்லாம் கீறிப் போடுங்கள். மரத்தின் ஈரம் பட்டை வழியாக அவ்வளவு எளிதில் போகாது. கீறிய பக்கம் வழியாகத்தான் போகும். தரையில் இரண்டு பழைய கல்தூணோ தென்னந்தடியோ போட்டு, அதன்மேல் ஒரு வரிசை நெடுக்காக, ஒரு வரிசை குறுக்காக இடைவெளி விட்டு அடுக்குங்கள். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியிருக்கட்டும். மேலே மட்டும் தகரம், நாலு பக்கமும் திறப்பு. நம் மாவட்டத்தில் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் ஐப்பசி மழையும் இரண்டும் அடிக்கும் என்பதால் வெயிலை நம்பிப் பயனில்லை, காற்றைத்தான் நம்ப வேண்டும்.

காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? நுனியில் வெடிப்பு விட்டிருக்கும், இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்கும் என்பார்கள். அது சரிதான். ஆனால் நான் செய்வது வேறு. ஐந்தாறு துண்டில் கரியால் அடையாளம் போட்டு, வாரம் ஒருமுறை தராசில் நிறுத்து, எடையைச் சுவரிலேயே எழுதி வைப்பேன். எடை குறைந்துகொண்டே வந்து ஒரு கட்டத்தில் நின்றுவிடும். அன்றுதான் விறகு தயார். அடுத்த வருடம் தை மாதமே வாங்கிவிடுங்கள். மாசி, பங்குனி வெயில் வீணாகக் கூடாது. இந்த ஆனி, ஆடிக்கு மட்டும், நாளை எரிக்க வேண்டியதை இன்று அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றி வையுங்கள். தீ எட்டாத உயரத்தில் வையுங்கள்.

*

கேள்வி: எங்கள் ஊர் அண்டி ஆபீசில் (முந்திரி ஆலையில்) அண்டித் தோடு மலிவாகக் கிடைக்கிறது. நன்றாக எரிகிறது. எரிக்கலாமா? தீ மூட்ட பால் கவர் போடுகிறோம், தப்பா? பர்னிச்சர் கடையிலிருந்தும் ரப்பர் மரத் துண்டு தருகிறார்கள். (வாசகர், மார்த்தாண்டம் அருகே)

பதில்: மூன்றும் வேண்டாம்.

முந்திரிக்கொட்டைத் தோட்டில் இருக்கும் எண்ணெய் கையில் பட்டால் தோல் பொத்துப்போகும். அண்டி ஆபீசில் கொட்டை தல்லுகிற பெண்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். அந்த எண்ணெய் இருப்பதால்தான் அப்படிப் பிடித்து எரிகிறது. அதே எண்ணெய் வீட்டு அடுப்பின் சூட்டில் முழுதாக எரியாமல் புகையில் கலந்து தொண்டைக்கும் கண்ணுக்கும் வரும். பெரிய தொழிற்சாலை உலை வேறு, நம் அடுக்களை வேறு.

பர்னிச்சருக்குப் போகும் ரப்பர் மரத்தைப் பூச்சி அரிக்காமல் இருக்க போரான் மருந்துக் கரைசல் ஏற்றுகிறார்கள். சில துண்டுகளில் வார்னிஷும் பசையும் இருக்கும். சோறு பொங்குகிற இடத்தில் அது எதற்கு? பிளாஸ்டிக் கவரைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கேள்வி வருகிறது. தீ மூட்ட நம்மிடம் காய்ந்த தென்னம்பாளைக் கொதும்பும், சிரட்டையும், ஓலைச்சூட்டும் இருக்கும்போது விஷத்தைக் கொளுத்த வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

*

கேள்வி: புது வீடு, காங்கிரீட் கூரை. அடுக்களையில் குழாய் வைத்த அடுப்புதான் கட்டினோம். ஆடிக் காற்றில் குழாய் வழியாகப் புகை உள்ளேயே திரும்புகிறது. எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் இன்னும் கூடுகிறது. கொத்தனார் அடுப்பை இடித்துக் கட்டச் சொல்கிறார். (வாசகி, ஆரல்வாய்மொழி)

பதில்: இடிக்க வேண்டாம் மக்களே. அந்த ஃபேனை நிறுத்துங்கள், பாதி சரியாகிவிடும்.

ஃபேன் அறைக்குள் இருக்கும் காற்றை வெளியே தள்ளுகிறது. அந்த இடத்தை நிரப்ப வேறு எங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாக வேண்டும். மழைக்கும் காற்றுக்கும் பயந்து ஜன்னலையும் கதவையும் சாத்தி வைத்திருப்பீர்கள். அப்போது காற்றுக்குக் கிடைக்கிற ஒரே வழி உங்கள் புகைக்குழாய். மேலே போக வேண்டிய புகையை ஃபேன் கீழே இழுக்கிறது. குழாய் வைத்த அடுப்பு எரியும்போது ஃபேன் ஓடக் கூடாது. அடுப்பு வாய்க்கு எதிரே இல்லாத ஒரு ஜன்னலை நாலு விரல் திறந்து வையுங்கள்.

மீதிப் பாதி உங்கள் ஊர்க் காற்று. கணவாய் வழியாக அந்தக் காற்று அப்படி வருவதால்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலை நிற்கிறது. குழாயின் வாய் கூரையின் உயரமான பகுதிக்கோ மாடிச் சுவருக்கோ கீழே இருந்தால், காற்று அங்கே மோதிச் சுருண்டு குழாய்க்குள் இறங்கும். பக்கத்தில் இருக்கும் மிக உயரமான இடத்தைவிடக் குறைந்தது இரண்டடி மேலே குழாயை ஏற்றுங்கள். தலையில் தகரத் தொப்பி வையுங்கள். தொப்பிக்கும் குழாய் வாய்க்கும் இடையில் குழாயின் அகலம் அளவுக்காவது இடைவெளி வேண்டும். நெருக்கி வைத்தால் அதுவே அடைப்பு. குழாயை வளைத்துப் படுக்கப் போட்டிருந்தால் நேராக்குங்கள். மர உத்திரத்தையோ ஓலையையோ தொட்டுக்கொண்டு போகக் கூடாது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் குழாய் என்றால் வீட்டில் வைத்து அறுக்காதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்குப் பொல்லாதது.

மூட்டுவதற்கு முன் ஒரு காரியம். குழாய் குளிர்ந்திருந்தால் இழுக்காது. ஒரு பிடி ஓலைச்சூட்டைக் கொளுத்திக் குழாயின் அடிவாயில் ஒரு நிமிடம் பிடியுங்கள். குழாய் சூடாகி 'உம்' என்று இழுக்கத் தொடங்கும். அப்புறம் அடுப்பை மூட்டுங்கள்.

கரி அடைப்பையும் பாருங்கள். 1990-களில் நான் கட்டிய அடுப்புகளில் பலவற்றை இடித்ததற்குக் காரணம் இந்த ஒன்றுதான். கட்டிக் கொடுத்தோம், போட்டோ எடுத்தார்கள், போய்விட்டோம். குழாயை மாதம் ஒருமுறை தட்டிக் கரியை எடுக்க வேண்டும் என்று வீட்டுப் பெண்களுக்கு யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கவில்லை. ஆறே மாதத்தில் குழாய் அடைத்துப் புகை முகத்தில் அடித்தது. "இதுக்குப் பழைய அடுப்பே மேல்" என்று கடப்பாரையை எடுத்தார்கள். 2002-இல் திட்டமே நின்றது. எனக்கு அது இன்றும் ஆறாத வருத்தம். நீளமான மூங்கிலின் நுனியில் பழைய சாக்கைக் கட்டி மேலிருந்து இறக்கி ஏற்றினால் பத்து நிமிட வேலை.

*

கேள்வி: கம்பெனி இரும்பு அடுப்பு வாங்கலாமா, செங்கல் அடுப்பே போதுமா? விறகு பாதியாகக் குறையும் என்கிறார்கள். (வாசகர், தக்கலை)

பதில்: குறைய வாய்ப்புண்டு. மூன்று கல் அடுப்பில் விறகின் சூட்டில் நூற்றுக்கு 10, 15 பங்குதான் பானைக்குப் போகிறது. ஐஎஸ் 13152 என்ற இந்தியத் தரநிலையின்படி தானாகக் காற்று இழுக்கும் அடுப்பு குறைந்தது 25 சதவீதமும், விசிறி வைத்த அடுப்பு 35 சதவீதமும் தர வேண்டும். வாங்குவதானால் அந்த எண்ணும் ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். விசிறி அடுப்புக்கு விறகைச் சிறு துண்டாக நறுக்க வேண்டும். நறுக்கப் போவது யார் என்று வீட்டில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

செங்கல் அடுப்பையே திருத்தலாம். விறகு தரையில் கிடந்து எரியக் கூடாது. மூன்று விரல் உயரத்தில் இரும்புக் கம்பித் தட்டு வைத்து அதன்மேல் எரியட்டும். காற்று அடியிலிருந்து வந்து கனலைத் தொட்டுத் தீக்குள் போகும். பானைக்கும் அடுப்புச் சுவருக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி போதும். அதற்கு மேல் விட்டால் சூடு பக்கவாட்டில் ஓடிவிடும், குறைத்தால் மூச்சு முட்டிப் புகையும். அடுப்பு வாயை விறகால் அடைக்காதீர்கள். பெருவிரல் பருமனில் மூன்று நான்கு குச்சி, நுனி மட்டும் எரிய எரியத் தள்ளிவிட வேண்டும். ஊதுகுழல் அடிக்கடி தேவைப்படுகிறது என்றால் காற்று வழி சரியில்லை என்று அர்த்தம்.

பானையை மூடுங்கள். கொதி வந்தபின் தீயைக் குறையுங்கள். தளபுளவென்று கொதித்தாலும் மெல்லக் கொதித்தாலும் தண்ணீரின் சூடு ஒன்றுதான். சம்பா அரிசியை இரவே ஊறப் போடுங்கள். என் வீட்டில் அரிசி கொதித்துக் கால் மணி நேரம் ஆனதும் பானையோடு இறக்கி, வைக்கோல் அடைத்த சூடாறாப்பெட்டியில் வைத்து மூடிவிடுவேன். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் சோறு வெந்திருக்கும். சமையல் முடிந்ததும் எரியாத கொள்ளியை வெளியே இழுத்துச் சாம்பலில் புதைத்து அணையுங்கள். அடுப்பிலேயே கிடந்து புகையவிடுவதுதான் பல வீடுகளில் நாள் முழுக்க நாறுவதற்குக் காரணம்.

*

கேள்வி: மகள் முதல் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். குழந்தை பிறந்து 9 நாள். மழைக் குளிருக்கு இரவில் அறைக்குள் கனல் போட்ட சட்டி வைக்கிறோம், கதவைச் சாத்திவிடுவோம். புகையே இல்லை. ஆனால் காலையில் மகளுக்குத் தலைவலி என்கிறாள். (வாசகி, பூதப்பாண்டி)

பதில்: இதழ் அச்சாகும்வரை காத்திருக்கவில்லை. கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குத் தனியாகப் பதில் அனுப்பினேன். மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். கனலில் புகை இருக்காது. ஆனால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் பிராணவாயு ஏற வேண்டிய இடத்தில் அது ஏறி உட்கார்ந்துவிடும். தலைவலி, தலைசுற்றல், குமட்டல்தான் முதல் அறிகுறி. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். உங்கள் மகள் சொன்ன தலைவலி அதுவாக இருக்கலாம். கனல் சட்டி படுக்கும் அறைக்குள் ஒரு நாளும் வேண்டாம். குழந்தைக்குத் துணியும் தாயின் உடல் சூடும் போதும். தலைவலி வந்தால் உடனே தாயையும் பிள்ளையையும் காற்றோட்டத்துக்குக் கொண்டுவந்து, ஆஸ்பத்திரிக்குப் போய் கனல் வைத்திருந்ததைச் சொல்லுங்கள். சொன்னால்தான் மருத்துவருக்குப் புரியும். குழந்தையின் தலைக்குச் சாம்பிராணிப் புகை பிடிப்பதையும் விட்டுவிடுங்கள்.

என் அம்மாவுக்குக் கடைசி வருடங்களில் மூச்சிரைப்பு. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயைப் பார்த்த மருத்துவர், "பாட்டி எத்தனை வருஷமா பீடி குடிக்கிறாங்க?" என்று கேட்டார். அம்மா ஒரு பீடியைத் தொட்டதில்லை. நாற்பது வருடம் ஒரு சின்ன ஜன்னல் மட்டும் உள்ள அடுக்களையில், பச்சை விறகில், எங்கள் ஏழு பேருக்கும் சோறு வடித்தார். அடுப்பைப் பற்றி நான் இவ்வளவு எழுதுவதற்கு அதுதான் காரணம்.

*

கேள்வி: பானையில் கரி ஏறாமல் இருக்க என்ன செய்வது? சாம்பலைத் தென்னைக்குப் போடலாமா? (வாசகி, குளச்சல்)

பதில்: பானையின் வெளிப்புறத்தில் சாம்பலைத் தண்ணீர் விட்டுக் குழைத்து மெல்லப் பூசிவிட்டு அடுப்பில் வையுங்கள். கழுவும்போது கரி அதோடு சேர்ந்து வந்துவிடும். விறகு நன்றாகக் காய்ந்திருந்தால் கரியே குறைவு.

சாம்பல் தென்னைக்கு நல்லது, அதில் சாம்பல் சத்து (பொட்டாஷ்) உண்டு. யூரியாவோடு மட்டும் கலக்காதீர்கள், தழைச்சத்து காற்றில் போய்விடும். எடுத்த சாம்பலுக்குள் மறுநாள் வரைகூடக் கனல் இருக்கும். இரும்பு வாளியில் போட்டு, ஓலைக் கொட்டகையை விட்டுத் தள்ளி முற்றத்தில் வையுங்கள்.