பழவேற்காட்டில் பூநாரையும் நண்டும்

நவம்பரில் பழவேற்காடு போய்ப் பூநாரை கண்ணில் படவில்லை, வாங்கிய நண்டிலும் சதையில்லை என்கிறீர்கள். நவம்பர் ஏரியில் மழைத்தண்ணீர் ஏறும் மாதம். பூநாரை தன் காலளவு தண்ணீரில் நின்று, அலகைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சேற்றை அலசித் தின்னும். ஆழம் கூடினால் மேடு தேடிப் போய்விடும். பிப்ரவரியில் போங்கள். சூளூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலையில் பார்ப்பது இன்னும் எளிது, இருபுறமும் ஏரிதான். விடிந்ததும் போய்விடுங்கள், வெயில் ஏறினால் கானலில் பைனாகுலர்கூடத் தெளிவாகக் காட்டாது.

படகுச் சவாரிக்கு யார் கூப்பிட்டாலும் தயவுசெய்து ஏறாதீர்கள். 2011 டிசம்பரில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்த இடம்.

நண்டை அளவு பார்த்து வாங்காதீர்கள், கையில் கனக்க வேண்டும். வயிற்றுப்பக்க ஓட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் அண்மையில் ஓடு கழற்றிய நண்டு, உள்ளே பாதி தண்ணீர்தான்.