வீட்டுக்குப் போன பிறகும் நரம்பு ஊசி வேண்டுமா? கேளுங்கள், சொல்கிறேன்

கோலாலம்பூரில் பல வருடம் வார்டு மருந்தாளுநராக வேலை பார்த்தவன் நான். டாக்டர் இல்லை, அதனால் உங்கள் டாக்டர் சொன்னதை இதைப் படித்துவிட்டு நீங்களாக மாற்றாதீர்கள், அவரிடம் என்ன கேட்கலாம் என்பதற்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (செந்தூல்): அண்ணே, அப்பாவுக்கு வயது 67, சர்க்கரை. கால் புண் எலும்பு வரை போய்விட்டது. ஒரு வாரம் நரம்பில் ஆன்டிபயாட்டிக் போட்டுவிட்டு இப்போது மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கட்டில் காலியாக வேண்டும் என்று தள்ளிவிடுகிறார்களா?

பதில்: இந்தச் சந்தேகம் வராத குடும்பத்தை நான் பார்த்ததில்லை தம்பி. ஊசி என்றால் பலம், மாத்திரை என்றால் சும்மா என்று நம் ஆட்களுக்கு ஒரு எண்ணம். எலும்புத் தொற்று என்றால் 6 வாரம் நரம்பு ஊசிதான் என்று டாக்டர்களே வெகுகாலம் நம்பினார்கள். பிரிட்டனில் ஓவிவா என்ற ஆய்வில், எலும்பு, மூட்டுத் தொற்று உள்ள 1054 பேரில் பாதிப் பேருக்கு முதல் 6 வாரமும் நரம்பு ஊசி, மறுபாதிக்கு மாத்திரை என்று பிரித்துக் கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் சிகிச்சை தோற்றது ஊசிப் பக்கம் 14.6 சதவீதம், மாத்திரைப் பக்கம் 13.2. 2019இல் வெளிவந்தது. அதாவது மாத்திரை ஒன்றும் இளைத்ததில்லை.

ஆனால் எந்த மாத்திரை என்பது முக்கியம். லினசோலிட், மெட்ரோனிடசோல் போன்றவை வயிற்றிலிருந்து ஏறக்குறைய முழுசாக ரத்தத்தில் சேர்ந்துவிடும், எல்லா மாத்திரையும் அப்படி இல்லை. அதனால் கல்ச்சரில், அதாவது புண்ணிலிருந்து எடுத்ததை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையில், என்ன கிருமி வந்தது, இந்த மாத்திரை அதற்குக் கேட்குமா என்று கேளுங்கள். காலுக்கு ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா, செத்த சதையை எடுத்தாயிற்றா என்றும் கேளுங்கள், அது நடக்காவிட்டால் ஊசியும் தோற்கும் மாத்திரையும் தோற்கும். சிப்ரோஃப்ளோக்சசின் கொடுத்திருந்தால் பால் கலந்த மைலோவோடு விழுங்க விடாதீர்கள். பாலில் உள்ள கால்சியம் மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சர்க்கரை மாத்திரையும் சாப்பிடுகிறவர் என்றால் சர்க்கரை திடீரென்று இறங்கவும் கூடும், அடிக்கடி குத்திப் பாருங்கள்.

கேள்வி (ஆயர் ஈத்தாம், பினாங்கு): அம்மாவின் கையில் நீளமான டியூப் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். 4 வாரம் மருந்து ஏற்ற வேண்டுமாம். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: அது பிக் லைன் அக்கா. கையில் நுழைந்து, நுனி இதயத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும். மருந்து ஏற்றிய கொஞ்ச நேரத்தில் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், அன்றைக்கே போய்விடுங்கள். டியூப் வழியாகக் கிருமி ரத்தத்தில் ஏறியிருக்கலாம். அந்தக் கை வீங்கினால் ரத்தம் கட்டியிருக்கலாம். குளிக்கும்போது நனையக் கூடாது, அந்தக் கையில் பிரஷர் பார்க்க விடாதீர்கள்.

இதைவிட நான் அழுத்திச் சொல்வது வாராந்திர ரத்தப் பரிசோதனை. ரத்தம் எடுப்பது சுலபம், ரிப்போர்ட்டை யார் பார்ப்பார்கள் என்பதுதான் கேள்வி. நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில், சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் ஏற்றிக்கொண்டிருந்த ஒருவருக்கு வியாழக்கிழமை ரத்தம் எடுத்தார்கள், கிரியாட்டினின் ஏறியிருந்தது, அதாவது சிறுநீரகம் அடிவாங்குகிறது என்று அர்த்தம், நீண்ட விடுமுறை, செவ்வாய் வரைக்கும் யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. அதற்குள் மேலும் 4 நாள் மருந்து உள்ளே போய்விட்டது. நானும் அந்தக் குழுவில்தான் இருந்தேன், இன்றைக்கும் உறுத்தும். அதனால் பார்க்கிறவரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் வாங்காமல் வார்டை விட்டு நகராதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு ஏற்கெனவே சிறுநீரகம் பாதி போய்விட்டது, அவருக்கும் இந்த டியூப் வைக்கலாமா?

பதில்: வைக்கும் முன்பே சிறுநீரக டாக்டரைக் கேட்கச் சொல்லுங்கள். நாளைக்கு டயாலிசிஸ் என்று வந்தால் அந்தக் கை நரம்புகள்தான் தேவைப்படும், டியூப் அவற்றைக் கெடுத்துவிடலாம். வேறு வழி உண்டு.

கேள்வி (பிரிக்ஃபீல்ட்ஸ்): ஒரு நாளைக்கு ஒரே ஊசி என்றால் வேலைக்குப் போகிற வழியில் போட்டுக்கொள்ளலாம். அதையே கேட்டு வாங்கலாமா?

பதில்: செஃப்ட்ரியாக்சோன், எர்டாபெனெம் இரண்டும் ஒரு நாளைக்கு ஒரே வேளை போடுகிற மருந்துகள், அதனாலேயே அவற்றின் மேல் எல்லாருக்கும் ஆசை. நம் டிராஃபிக் ஜாம் புரிகிறது. ஆனால் எர்டாபெனெம் சூடோமோனாஸ் கிருமியைத் தொடாது. ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற கிருமி ரத்தத்தில் இருந்தால், அது கேட்கிற வகையாக இருந்தால், க்ளாக்சசிலின் அல்லது செஃபசோலின்தான் முதல் தேர்வு, அவை ஒரு நாளைக்குப் பல வேளை. கிருமிக்குத்தான் மருந்து, நம் டைம்டேபிளுக்கு இல்லை.

கேள்வி (புக்கிட் மெர்தாஜாம்): அண்ணனுக்கு மெலியோய்டோசிஸ். மாத்திரையே போதும் என்றால் அவரையும் இப்போதே வீட்டுக்கு அழைத்து வரலாம் அல்லவா?

பதில்: வேண்டாம். மேலே சொன்னது இதற்குப் பொருந்தாது. மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கிற இந்தக் கிருமிக்கு குறைந்தது 10 முதல் 14 நாள் நரம்பில் செஃப்டசிடைம் மாதிரி மருந்து போயே ஆக வேண்டும், நுரையீரலிலோ எலும்பிலோ மூளையிலோ இருந்தால் இன்னும் அதிக நாள். அப்புறம் கோ-ட்ரைமோக்சசோல் மாத்திரை, குறைந்தது 3 மாதம். உடம்பு தேறிவிட்டது, வேலைக்குப் போகிறேன் என்று ஒரு மாதத்தில் நிறுத்துகிறவர்கள்தான் திரும்ப வந்து படுப்பார்கள். அந்த 3 மாதத்துக்கு அண்ணன் பின்னாலேயே நில்லுங்கள்.

கேள்வி: சளிக் காய்ச்சலுக்குப் பக்கத்து கிளினிக்கில் ஒரு ஆன்டிபயாட்டிக் டிரிப் போட்டால் சீக்கிரம் சரியாகுமா?

பதில்: ஆகாது. சளி வைரஸ். மூன்று நாள் தாண்டியும் காய்ச்சல் என்றால் டெங்கி பாருங்கள்.

கேள்வி (ஜெலுத்தோங்): மருந்து முடிந்து 5 நாள் ஆகிறது. தேவைப்படலாம் என்று டியூப்பை எடுக்காமல் வைத்திருக்கிறார்கள். நேற்றிலிருந்து தண்ணீராக வயிற்றுப்போக்கு வேறு.

பதில்: கடைசி மருந்தோடு டியூப் வெளியே வர வேண்டும், சும்மா இருக்கிற டியூப் கிருமிக்கு வாசல். வயிற்றுப்போக்கு ஆன்டிபயாட்டிக்கால் வரும் குடல் தொற்றாக இருக்கலாம், ஃபார்மசியில் நிறுத்துகிற மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். இன்றைக்கே கிளம்புங்கள், மலப் பரிசோதனையும் கேளுங்கள், டியூப்பையும் எடுக்கச் சொல்லுங்கள்.