எட்டாயிரம் ரூப்பியா ரயிலுக்கு எதற்கு முன்பதிவு?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இந்தோனேசியாவின் ஜாவா தீவில் ஓடும் ரயில்களைப் பற்றியவை. அதிலும் யோக்யகார்த்தா–சோலோ தடத்தைப் பற்றித்தான் அதிகம். சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: யோக்யாவிலிருந்து சோலோவுக்கு "ஜன்னல் இருக்கை உறுதி" என்று சொல்லி, சுற்றுலா ஏற்பாட்டாளர் ஒருவர் ஆளுக்கு 150,000 ரூப்பியா வாங்கினார். நாங்கள் நான்கு பேர். ஏறிப் பார்த்தால் நிற்கவே இடமில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: தாராளமாகக் கேளுங்கள். உலகத்தில் இல்லாத சரக்கை உங்கள் தலையில் கட்டியிருக்கிறார். நீங்கள் ஏறியது கம்யூட்டர் லைன் மின்ரயில். அதில் முன்பதிவு கிடையாது, இருக்கை எண் கிடையாது. மெட்ரோ போலப் பெட்டியின் இரு ஓரமும் நீள பெஞ்சுதான். கட்டணம் ஆளுக்கு 8,000 ரூப்பியா. யோக்யாவில் ஏறி அடுத்த நிலையமான லெம்புயாங்கானில் இறங்கினாலும் அதே 8,000, சோலோவைத் தாண்டிக் கடைசி நிலையம் பாலூர் வரை போனாலும் அதே 8,000. 32,000 ஆகியிருக்க வேண்டிய இடத்தில் 600,000 போயிருக்கிறது.

இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இந்தத் தடத்தில் 1994 முதல் பிரமெக்ஸ் என்ற ரயில் ஓடியது. அதற்கு டிக்கெட் எடுக்க வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும். 2021 பிப்ரவரி 10 அன்று மின்ரயில் முறைப்படி ஓடத் தொடங்கியதும் அந்தத் தொல்லை ஒழிந்தது. பிரமெக்ஸ் இன்னும் இருக்கிறது, ஆனால் அது யோக்யாவிலிருந்து மேற்கே குத்தோஅர்ஜோவுக்குப் போகிறது. பழைய பயணக் குறிப்புகளில் "பிரமெக்ஸ் டிக்கெட் கிடைப்பது கஷ்டம்" என்ற வரி மட்டும் அப்படியே கிடக்கிறது. அதைப் படித்துப் பதறுகிறவர்தான் தரகருக்கு வாடிக்கையாளர். கூட வந்து வழிகாட்ட, ஓட்டலிலிருந்து அழைத்துப்போகக் கூலி வாங்கட்டும், அது உழைப்பு. இல்லாத இருக்கைக்குக் காசு வாங்குவதற்கு வேறு பெயர் இருக்கிறது.

செய்ய வேண்டியது: ரயில் எண்ணும் இருக்கை எண்ணும் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். அவரால் தர முடியாது. "உறுதி" என்று அவர் எழுதிய செய்தியைப் படம் பிடித்து வையுங்கள். கடன் அட்டையில் கட்டியிருந்தால், சொன்ன சேவை கிடைக்கவில்லை என்று வங்கியில் மறுப்பு எழுப்புங்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தால், வருத்தம்தான், வாய்ப்புக் குறைவு.

கேள்வி: வயதான அம்மாவோடு போகிறேன். உட்கார்ந்து போக வழியே இல்லையா?

பதில்: இருக்கிறது. அதே தண்டவாளத்தில் தொலைதூர ரயில்களும் போகின்றன. அவற்றில் மிஞ்சிய இருக்கைகளைக் குறுகிய தூரத்துக்குச் சலுகை விலையில், ரயில் புறப்பட 2 மணி நேரத்துக்கு முன்னிருந்து விற்பார்கள். பெயர் "தாரிஃப் குசுஸ்", அதாவது சிறப்புக் கட்டணம். நிலையத்தின் லோகெட்டில் (டிக்கெட் கவுண்டர்) இந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள், இல்லாவிட்டால் வழக்கமான விலையைச் சொல்லிவிடக்கூடும். பாஸ்போர்ட் வேண்டும். டிக்கெட்டில் உள்ள பெயரும் எண்ணும் அதோடு ஒத்துப்போக வேண்டும்.

மின்ரயிலிலேயே போவதானால் அது புறப்படும் நிலையத்தில் ஏறுங்கள். யோக்யாவிலிருந்து போகும்போது அது ஊரின் முக்கிய நிலையமான துகு. திரும்பும்போது ரயில் பாலூரிலிருந்து வருவதால், சோலோ பாலாபானில் ஏறுகிறவருக்குப் பாதி பெஞ்சு ஏற்கெனவே போயிருக்கும். ஒவ்வொரு பெட்டியின் ஓரத்திலும் முதியோருக்கான இருக்கை உண்டு. அங்கே ஓர் இளைஞர் தூங்குவதுபோல நடித்தால் காவலரிடம் சொல்லுங்கள், எழுப்பிவிடுவார்.

கேள்வி: மின்ரயிலுக்கு உள்ளே போகும் கதவில், பணம் ஏற்றிய ஒரே அட்டையை நால்வருக்கும் தட்டினோம். இரண்டாவது ஆளுக்குக் கதவு திறக்கவில்லை. அட்டை பழுதா?

பதில்: இல்லை. ஓர் அட்டைக்கு ஓர் ஆள்.

கேள்வி: எந்த அட்டை வாங்கலாம்?

பதில்: ரயில் நிலையத்தில் விற்கும் கே.எம்.டி. என்ற பயண அட்டை ரயிலுக்கு மட்டும். மண்டிரி இ-மணி, பி.சி.ஏ. ஃபிளாஸ், பிரிஸி, டாப்கேஷ் போன்ற வங்கி அட்டைகள் ரயிலுக்கும் ஆகும், கடைக்கும் ஆகும். ஜாவாவில் நாலைந்து நாள் சுற்றுகிறவர் வங்கி அட்டை வாங்குவதே நல்லது. இண்டோமாரெட் போன்ற கடைகளில் கிடைக்கும். ஒன்று கவனியுங்கள்: கடையில் சொல்லும் விலை பெரும்பாலும் வெறும் அட்டைக்குத்தான், உள்ளே சல்லிக் காசு இருக்காது. வாங்கிய கையோடு பணம் ஏற்றி, மீதி எவ்வளவு என்று காட்டச் சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். நுழையும்போதும் தட்ட வேண்டும், இறங்கியபின் வெளியேறும்போதும் தட்ட வேண்டும்.

கேள்வி: துகு நிலையத்தில் ஒரு மணி நேரம் முன்பே போய் உட்கார்ந்திருந்தோம். எங்கள் எக்கானமி ரயில் வரவே இல்லை. ரயில்வேயிடம் இழப்பீடு கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. ரயில் வந்தது, போனது, லெம்புயாங்கானிலிருந்து. நீங்கள் அனுப்பிய டிக்கெட் படத்திலேயே எல்.பி.என். என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. துகுவுக்குக் குறியீடு ஒய்.கே. மலிவு எக்கானமி ரயில்கள் பல லெம்புயாங்கானில்தான் நிற்கும். சோலோவிலும் இதே கதை: பாலாபான், புர்வோசாரி, ஜெப்ரெஸ் என்று வெவ்வேறு நிலையங்கள். டிக்கெட்டில் ஊர் பெயரைப் பார்த்தால் போதாது, நிலையத்தின் பெயரையும் பாருங்கள்.

கேள்வி: சோலோவிலிருந்து விமானத்துக்காக மாகுவோ நிலையத்தில் இறங்கினோம். விமான நிலையம் எதிரிலேயே இருந்தது, எங்கள் விமானம் மட்டும் இல்லை!

பதில்: அது பழைய விமான நிலையம், அடிசுசிப்தோ. 2020 மார்ச்சிலேயே பெரும்பாலான விமானங்கள் குலோன் ப்ரோகோவில் உள்ள புதிய விமான நிலையத்துக்குப் போய்விட்டன. விமான டிக்கெட்டில் ஒய்.ஐ.ஏ. என்றிருந்தால் துகுவில் இறங்கி விமான நிலைய ரயிலுக்கு மாறுங்கள், அங்கிருந்து சுமார் 40 நிமிடம். ஜே.ஓ.ஜி. என்றிருந்தால்தான் மாகுவோ.

கேள்வி: ஜகார்த்தா–பாண்டுங் வூஷ் அதிவேக ரயிலுக்கு அவ்வளவு கொடுத்தோம். பாண்டுங்கில் இறக்கிவிடவே இல்லை.

பதில்: தெகால்லுவார் வரை எடுத்திருப்பீர்கள். அது ஊருக்கு வெளியே கிழக்கே இருக்கிறது. நகர மையம் போக வேண்டியவர் பாடாலாராங்கில் இறங்க வேண்டும். அங்கிருந்து பாண்டுங் நிலையத்துக்கு இணைப்பு ரயில், சுமார் 20 நிமிடம், வூஷ் டிக்கெட்டிலேயே அடக்கம். வூஷ் புறப்படும் ஹாலிம் நிலையமும் ஜகார்த்தாவின் நடுவில் இல்லை. தங்குமிடம் நகர நடுவில் உள்ள காம்பிர் நிலையத்தின் பக்கம் என்றால், அங்கிருந்து நேரே பாண்டுங் நிலையம் போகும் சாதாரண ரயிலின் 3 மணி நேரத்தையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: கம்யூட்டர் ரயிலில் சாப்பிடலாமா?

பதில்: கூடாது. நாற்றம் ஊரைத் தூக்கும் டுரியான் பழத்தோடு ஏறவே கூடாது.

கேள்வி: சோலோவில் "கையால் வரைந்த பாத்திக்" துணி, இரண்டு மீட்டர் 100,000 ரூப்பியாவுக்கு வாங்கினேன். ஒரு துவைப்பில் வெளுத்துவிட்டது.

பதில்: மெழுகு தொட்டுக் கையால் வரைய நாள்கணக்கிலிருந்து மாதக்கணக்கு வரை ஆகும். அந்த விலைக்கு யாரும் வரைந்து தரமாட்டார்கள். உங்களிடம் இருப்பது அச்சடித்த துணி. திருப்பிப் பாருங்கள்: பின்பக்கம் வெளிறியிருந்தால் அச்சு. இரு பக்கமும் நிறம் ஏறியிருந்து, ஒரே கட்டம் கொஞ்சமும் மாறாமல் திரும்பத் திரும்ப வந்தால் பெரும்பாலும் செப்பு முத்திரை வேலை. ஒரு பூ இன்னொரு பூ மாதிரி இல்லாமல், கோடு லேசாக நடுங்கியிருந்தால் கைவேலை. என் அலமாரியிலும் பின்பக்கம் வெளுத்த சட்டைகள் மூன்று தொங்குகின்றன, மூன்றுமே "கையால் வரைந்தவை". அடுத்த முறை பாலாபான் வரை போகாமல் முந்தைய நிலையமான புர்வோசாரியில் இறங்கி, பாத்திக் பட்டறைகள் உள்ள லவேயான் பகுதிக்குப் போங்கள். அங்கே பட்டறையிலேயே மெழுகு காய்ச்சுவதைப் பார்த்துவிட்டு வாங்கலாம்.